குழந்தைவேலு போகாத இடங்கள்

உட்கார்ந்தாயிற்று. அதுவே பெரிய காரியம். நீளப் பெஞ்சு, நீள மேஜை, தலைக்கு மேல் செஸ்நட் மரம், காலுக்கடியில் பொடி ஜல்லி, எதிரே வசுமதி. மேஜையில் பித்தளைத் தகடு எதுவும் இல்லையே என்று குழந்தைவேலு உட்காரும் முன்பே இரண்டு தரம் பார்த்துவிட்டான், ஒரு தரம் நின்றபடி, ஒரு தரம் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்து. தகடு இல்லை. துணியும் விரிக்கவில்லை. வெறும் பலகை. வெறும் பலகை நல்லதா கெட்டதா தெரியவில்லையே சாமி. அந்தப் பக்கம் சிவப்புக் கட்டம் போட்ட துணி விரித்த மேஜைகள் இருக்கின்றன, அங்கேதான் உட்கார வேண்டுமோ, இங்கே உட்கார்ந்தால் யாராவது வந்து எழுந்திரு என்பார்களோ. "இதுதானே நீங்க எழுதின இடம்?" என்றாள் வசுமதி. "இதேதானுங்க" என்றான். வாய்க்கு என்ன, சொல்லிவிடுகிறது. மியூனிக்கில் நாலு வருஷம் குப்பை கொட்டுகிறவன் மரத்தடியில் பீரும் சாப்பாடும் கொடுக்கிற பீர் தோட்டம் ஒன்றில் கால் வைப்பது இன்றைக்குத்தான் முதல் தரம் என்று சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. மணி பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமை. அவள் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து காலை ஆறு மணி ரயிலைப் பிடித்து வந்திருக்கிறாள், சாயங்காலம் ஆறரை ரயிலில் திரும்பிவிடுவாள், ஏறுவதற்குள் இவனைக் கட்டிக்கொள்கிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அப்படித்தான் பேச்சு. "போன்ல மூணு மாசம் பேசியாச்சு, நேர்ல ஒரு நாள் பார்த்துட்டு சொல்லிடுறேங்க, இழுத்தடிக்க மாட்டேன்" என்று போன வாரம் சொன்னாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். நல்ல குணம்தான், ஆனால் அந்த நல்ல குணத்துக்குப் பயந்துதான் இவன் விடிந்ததிலிருந்து நாலு சட்டை மாற்றினான்.

எல்லாம் அந்த முதல் போனில் ஆரம்பித்தது. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அக்கா யாரையோ பிடித்து, அவர் யாரையோ பிடித்து, ஜெர்மனியிலேயே ஒரு பெண் இருக்கிறாள் தம்பி, திருச்சிக்காரி, முப்பத்தாறு வயசு, முதியோர் இல்லத்தில் நர்ஸ், புருஷனை விட்டுப் பிரிந்துவிட்டாள், உனக்கும்தான் செவ்வாய் தோஷம் செவ்வாய் தோஷம் என்றே முப்பத்தொன்பது ஆகிவிட்டது, பேசித்தான் பாரேன் என்றாள். பேசினான். முதல் கேள்வியே அதுதான்: "ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவீங்க?" ஞாயிற்றுக்கிழமையில் அவன் துணி துவைப்பான். ரசம் வைப்பான். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் குப்புறப் படுத்துத் தூங்குவான். அதைச் சொல்லியிருக்கலாம், அதில் என்ன கேவலம், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குரல் கேட்ட விதத்தில் ஏதோ ஒரு ஆசை இருந்தது, எங்கும் போவதில்லை என்று சொன்னால் அந்த ஆசை அணைந்துவிடும்போல இருந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எங்கயாவது வெளிய போவேங்க. சாப்பிட, கடை கண்ணி பார்க்க." "அப்படியா! எங்கெல்லாம் போயிருக்கீங்க, எழுதி அனுப்புங்களேன்." போச்சு. அன்றைக்கு ராத்திரியே வெப்சைட்டைத் திறந்தான். ஜெர்மன் நகரங்களில் எங்கே சாப்பிடலாம், எங்கே பொருள் வாங்கலாம், எங்கே பொழுது போக்கலாம். கொலோனில் பீரை ஒல்லிக் குழாய் மாதிரி கிளாஸில் கொடுப்பார்களாம், போதும் என்று கிளாஸ் மேல் அட்டையை வைத்து மூடும் வரைக்கும் சர்வர் கேட்காமலே கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பாராம். ஹாம்பர்க் துறைமுகத்தில் நின்றுகொண்டே மீன் வைத்த பன் சாப்பிட வேண்டுமாம். நியூரம்பர்க்கில் ஒரு பன்னுக்குள் மூன்று விரலளவு சாசேஜ். லைப்ஸிக்கில் கட்டடத்துக்குள்ளேயே கடைத்தெரு, மழை பெய்தாலும் நனையாமல் சுற்றலாம். எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு, தமிழாக்கி, "நான்" என்று ஒட்டி, ஞாயிறு தவறாமல் சாயங்காலம் அனுப்பினான். நான் போனேன், நான் சாப்பிட்டேன், நான் வாங்கினேன். பன்னிரண்டு ஞாயிறு, பன்னிரண்டு இடம். ஆபீஸ் கேண்டீன், ரூம், ரூமுக்குக் கீழே இருக்கிற சூப்பர் மார்க்கெட், இந்த மூன்றைத் தவிர இவன் கண்ட ஜெர்மனி ரயில் ஜன்னலில் தெரிந்ததுதான்.

போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அவனும் போனவன்தான், ஒரு தரம். வந்த முதல் மாசம். கோட்டைப் போட்டுக்கொண்டு, சரி நாமும் ஒரு நாள் நாகரிகமாகச் சாப்பிட்டுப் பார்ப்போமே என்று தெருமுனையில் இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்தான். மூலையில் ஒரு பெரிய மேஜை காலியாக இருந்தது, நடுவில் பித்தளைத் தகடு ஒன்று அழகாக நின்றது, ஏதோ அலங்காரம் என்று நினைத்து அதிலேயே போய் உட்கார்ந்தான். அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஆறு கிழவர்கள் வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். திட்டவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். வேலை செய்கிற அம்மாள் வந்து தகட்டைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னாள், ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. அது காலங்காலமாக வருகிற வாடிக்கைக்காரர்களின் சொந்த மேஜை, வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது பிற்பாடு ஆபீஸில் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் காது மடல் சுட்டதுதான். எழுந்தான். நாற்காலி கிறீச்சென்றது. கிழவர்களில் ஒருவர் பக்கத்து மேஜையைக் காட்டி உட்கார் உட்கார் என்றுதான் கையை அசைத்தார், இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் கால் நிற்கவில்லையே, கோட்டைக்கூட மறந்துவிட்டு வெளியே வந்துவிட்டான். கோட்டை எடுக்கத் திரும்பிப் போகவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வேறொரு கோட்டு வாங்கினான். அதன் பிறகு எந்த ஹோட்டல் வாசலைக் கண்டாலும் உள்ளே ஆறு பேர் எழுந்து நிற்பதுபோலவே இருக்கும், மெனு அட்டையைப் படிக்கிற மாதிரி வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நடையைக் கட்டிவிடுவான்.

இன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் கண்டம்தான். கடைகள் எல்லாம் மூடியிருந்தன, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்க மாட்டார்கள், புண்ணியம். கண்ணாடிக்குள்ளே பொம்மைகள் குளிர்காலக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றன, வசுமதி ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள், "இந்தக் கடையில துணி எப்படிங்க?" என்றாள். "நல்லா இருக்கும், விலைதான் கொஞ்சம் கூடுதல்" என்றான், எந்தக் கடைக்கும் பொருந்துகிற பதில். "அந்த சர்ச்சுக்குப் பின்னால சூப் கடைன்னு எழுதினீங்களே, அது எந்தப் பக்கம்?" கையை ஒரு திக்கில் காட்டினான். அவள் அந்தத் திக்கைப் பார்த்தாள். அங்கே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கடைக் கண்ணாடிக்கு நகர்ந்துவிட்டாள். அதுதான் பயம். அவள் நர்ஸ், பேஷண்டு மாத்திரையை முழுங்கினேன் என்று சொல்லிவிட்டு நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாளாம், அவளே சொல்லியிருக்கிறாள். இங்கே வந்த பிறகும் சறுக்கல்தான். குடிக்க வாங்கி வருகிறேன் என்று கவுண்டருக்குப் போனான், எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு ஒழுங்காக நகர்ந்தார்கள், இவன் தட்டு எடுக்காமல் நின்று திரும்பவும் ஓடிப்போய் எடுத்து வந்தான், ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது இரண்டு வாங்கினான், காசை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளைக் கையில் திணித்தாள். எதற்கு? ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி கூப்பிடுவார்களோ? "இது என்னங்க?" என்றாள் வசுமதி. "அது சும்மா கொடுப்பாங்க" என்றான். அவள் ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கிளாஸுக்குன்னு சேர்த்து வாங்கின முன்பணத்தை, கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது திரும்ப வாங்குறதுக்குங்க. ஃபிராங்ஃபர்ட்லயும் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேஜை மேல் வைத்தாள். குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் அவள் பையிலிருந்து அதை எடுத்தாள். எவர்சில்வர் டப்பா. மூன்றடுக்கு. வெயில் பட்டு மின்னியது, நாலு மேஜை தள்ளி இருக்கிறவன்கூடத் திரும்பிப் பார்க்கிற மினுக்கு. என்ன செய்கிறாள் இவள். ஹோட்டலுக்குள் வந்து டப்பாவை எடுக்கிறாளே, கோவையில் ரோட்டோர மெஸ்ஸிலேயே வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை என்று எழுதித் தொங்கவிட்டிருப்பானே, இது மியூனிக், இங்கே குப்பையைத் தப்பான நிறத் தொட்டியில் போட்டாலே பக்கத்து வீட்டம்மாள் கதவைத் தட்டுகிறாள். அடுக்கின் கொக்கியை அவள் விரல் தள்ளுகிறது. டக். அதோ, வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருத்தன் தட்டுகளை அடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வருகிறான். வருவான், நிற்பான், விரலால் தட்டுவான். மறுபடியும் எல்லோரும் திரும்புவார்கள், இந்தத் தடவை ஆறு பேர் இல்லை, அறுநூறு பேர், இத்தனை மரத்தடியிலும் இருக்கிற அத்தனை தலையும். இவன் ஒருத்தன் அவமானப்படுவது பழகிப்போனது, இவளையும் சேர்த்து எழுப்புவார்களே, டப்பாவைக் கட்டு என்பார்களே, இவள் முகம் எப்படிப் போகும், அதற்குப் பிறகு என்ன கல்யாணம் என்ன பேச்சு. மூடி திறந்தது. புளியோதரை. நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த வேர்க்கடலையும், கடவுளே, இந்த வாசனை எந்தச் சுவரைத் தாண்டிப் போகாது. "ஏனுங்க, மூடுங்க" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "மூடுங்க, மூடுங்க, இங்க வெளிச்சாப்பாடு கூடாதுங்க. ஆள் வர்றான் பாருங்க."

வசுமதி மூடவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். தட்டு அடுக்குகிற ஆள் வந்தான், புளியோதரையைப் பார்த்தான், சாப்பாடு நல்லா இறங்கட்டும் என்று ஜெர்மன்காரர்கள் சொல்வதை அவனும் சொன்னான், பக்கத்து மேஜைக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மேஜையில் வயதான ஒரு தம்பதி கூடையிலிருந்து வீட்டுத் துணியை எடுத்து விரித்து, அவித்த முட்டை, பாலாடைக் கட்டி, ரொட்டி என்று கடை பரப்பிக்கொண்டிருந்தார்கள், புருஷன்காரர் முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த மேஜையிலும் கூடை. அதற்கடுத்தும். "நீங்கதானே எழுதினீங்க" என்றாள் வசுமதி. "'துணி விரிக்காத மேஜைகளில் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிடலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும், இது பவேரியா மாநிலத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம்.' அதைப் படிச்சுட்டுத்தாங்க நாலு மணிக்கு எழுந்து இதைக் கிளறினேன்."

எழுதினானா? எழுதியிருப்பான். ஐந்தாவது ஞாயிறோ ஆறாவதோ, அன்றைக்கு ஜுரம், அப்படியே காப்பி செய்து ஆப்பில் போட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினான். அடப்பாவி, பொய் சொல்கிறவன் தன் பொய்யையாவது ஒரு தரம் படிக்க வேண்டாமா? இப்போது என்ன சொல்வது. போன மாசம்தான் சட்டத்தை மாற்றினார்கள் என்று சொல்லலாம், ஆனால் பக்கத்தில் முள்ளங்கி சீவுகிறார் ஒருவர். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், இருபத்தைந்து தடவை வந்திருக்கிறேன் என்று எழுதினாயே, இருபத்தைந்து தடவை வந்தவனுக்கு இது எப்படி மறக்கும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம், சிரித்துவிடலாம், உங்களைப் பயமுறுத்திப் பார்த்தேனுங்க என்று, ஆனால் அந்தக் கீச்சுக் குரல் விளையாட்டுக் குரலா? அவள் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மூன்றாவது, கல்யாணம் முடிந்து இவள் இதே ஊருக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு வாங்க அந்த சூப் கடைக்குப் போகலாம் என்பாள், அன்றைக்கு ஆற்றுக்குள்ளேயா கூட்டிக்கொண்டு போவது? எத்தனை வருஷம் வாசலில் நின்று மெனுவைப் படித்துவிட்டுத் திரும்புவது? அலுத்துப்போனது. திடீரென்று, பயத்தைவிடப் பெரிதாக, அலுப்பு வந்தது. "நான் எங்கயும் போனதில்லீங்க" என்றான். சொன்னதும் நிறுத்த முடியவில்லை. "கொலோனும் இல்லை, ஹாம்பர்க்கும் இல்லை, எல்லாம் வெப்சைட்ல பார்த்து எழுதினதுங்க. இங்கயும் இன்னைக்குத்தான் வர்றேன். ஹோட்டலுக்குள்ள போகவே எனக்குப் பயமுங்க. ஞாயித்துக்கிழமை துணி துவைச்சுட்டுத் தூங்குவேன், அவ்வளவுதான் நான். நீங்க ஆறரை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லைங்க, முன்னாடி ரயில் இருந்தா நானே ஏத்திவிடுறேன்."

சொல்லி முடித்தபோது கண்ணில் நீர் நின்றது, வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூச்சு ஒழுங்காக வந்தது. வசுமதி டப்பா மூடியில் புளியோதரையை வைத்து அவன் பக்கம் தள்ளினாள். "தெரியும்" என்றாள். "மூணாவது வாரமே தெரியும். 'இன்று காலை ஸ்டுட்கார்ட் மார்க்கெட்டில் அத்திப்பழம் வாங்கினேன்'னு எழுதினீங்க. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இந்த நாட்டுல எந்த மார்க்கெட்ங்க ஞாயித்துக்கிழமை அத்திப்பழம் விக்குது? பதினோரு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா." அத்திப்பழம். ஞாயிற்றுக்கிழமை. தன் ரூமில் ஞாயிறு பாலுக்குத் திண்டாடுகிறவன் அத்திப்பழம் வாங்கியிருக்கிறான், மடையன், வடிகட்டின மடையன். "அப்புறம் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றான். சோடாவை ஒரு வாய் குடித்தாள். "கோபம்தான் வந்தது. ரெண்டு நாள் போனையே எடுக்கலையே, ஞாபகம் இருக்கா, நைட் டூட்டின்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். அப்புறம் பழசையெல்லாம் மறுபடியும் படிச்சேன். என் முதல் புருஷன் நிஜமாவே எல்லா இடத்துக்கும் போனவருங்க. நீங்க எழுதின அத்தனை ஊரும், அதுக்கு மேலயும். ஏழு வருஷம். என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்லை. உங்க மெசேஜ்ல ஒவ்வொண்ணுலயும் கடைசியில ஒரு வரி இருக்குங்க. 'நாம போனா ஜன்னல் பக்கம் உட்காரலாம்.' 'நாம போனா மழைக்கு ரெண்டு குடை வேணும்.' 'நாம போனா உங்களுக்குக் காரம் கம்மியா சொல்லணும்.' அது எந்த வெப்சைட்ல எடுத்தீங்க?"

"அது எடுக்கலீங்க" என்றான் குழந்தைவேலு. அப்படி ஒரு வரி எழுதினோம் என்பதே இப்போது அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. "எடுக்கலைன்னு தெரியும். சாப்பிடுங்க முதல்ல. சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் என் முடிவைச் சொல்றேன்." ஒரு வாய் எடுத்துப் போட்டான். புளிப்பு வந்தது, காரம் வந்தது, கடலை கடிபட்டது, உப்பு வரவில்லை. இன்னொரு வாய். உப்பே இல்லை. ஐயோ, நாலு மணிக்கு எழுந்து கிளறியிருக்கிறாள், ஆறு மணி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து வாயையே பார்க்கிறாள், இதைப்போய் எப்படிச் சொல்வது. அருமை என்றால் என்ன குறைந்துவிடும், எந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்ப்பாள், இதெல்லாம் ஒரு பொய்யா, ஊர் உலகமே சொல்கிறதுதானே, தலை போகிற விஷயத்தைச் சொல்லி முடித்தாயிற்று, இந்தச் சின்ன விஷயத்தில் போய்க் கெடுத்துக்கொள்வானேன், அருமைங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அ என்று வாய் திறந்தும்விட்டது. திறந்த வாயை மூடினான். முழுங்கினான். "உப்பு சுத்தமா இல்லீங்க" என்றான்.

வசுமதி பெருமூச்சு விட்டாள், சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரயில்லயே ருசி பார்த்துட்டேன். தூக்கக் கலக்கத்துல போட மறந்துட்டேங்க. வழியில ஸ்டேஷன்ல உப்புப் பொட்டலம் கிடைச்சது, வாங்கி வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்து வைத்தாள். "நீங்க சொல்றீங்களான்னுதான் போடாம இருந்தேன். சரி, கட்டிக்கலாம். உங்க அக்காகிட்ட நானே பேசுறேன்."